அறுப்பின் பண்டிகைச் சங்கம்: 2023–24 ஆண்டறிக்கை

கர்த்தருக்குள் அன்பான சேகரகுரு ஐயர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, இன்று வந்திருக்கிற உறுப்பினர்களே,

2023 ஜூலை முதல் 2024 ஜூன் முடிய உள்ள அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். ‘வந்திருக்கிற’ என்று குறிப்பிட்டுச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அது போகப் போகத் தெரியும்.

ஆகஸ்டில் சுதந்திர தினக் கொடியேற்றமும் மிட்டாய் வழங்குதலும் வழக்கம்போல் நடந்தன. செப்டம்பரில் ஆலய வளாகத்தில் வேப்பங்கன்றுகள் நட்டோம். ஆடு தின்றது போக மீதி வளர்கின்றன. கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள் (கோரம்) சேர்ந்தபோதெல்லாம் செயற்குழு கூடியது. கிறிஸ்துமஸ் கீத பவனி இந்த ஆண்டு நடைபெறவில்லை.

ஏன் நடைபெறவில்லை என்று உங்களுக்குத் தெரியும். டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கொள்ளவில்லை, குளங்கள் உடைத்துக்கொண்டன. ஸ்ரீவைகுண்டம் தென்கால் வாய்க்காலை நம்பி அப்போதுதான் நட்டிருந்த பிசானப் பருவ நெல் நாற்றோடு போயிற்று. குலை தள்ளிய வாழை சாய்ந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், வயல் இருந்த இடத்தில் ஆற்று மணல் கிடந்தது.

ஜனவரிக் கூட்டத்தில், “அறுப்பே இல்லாத வருஷத்தில் அறுப்பின் பண்டிகை எதற்கு, அந்தப் பணத்தை நிவாரணத்துக்குக் கொடுக்கலாமே” என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். நல்லெண்ணத்தில் கேட்டார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன், அந்தப் பணத்தில் அவர்களுடைய சந்தா இல்லாவிட்டாலும். பண்டிகை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன் நான்தான். அதனால் அதன் பொறுப்பும் என் தலையில் விழுந்தது, விழட்டும்.

என் நியாயம் இதுதான். அந்த ஜனவரியில் மணலை அள்ளியவர்கள் யார்? ஜேசிபி இறங்க முடியாத வயல்களில் சும்மாடு கட்டிச் சட்டி சட்டியாகச் சுமந்தது நடவுக்கு வருகிற பெண்கள். வாய்க்கால் உடைப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மணல் மூட்டை அடுக்கியது மடை பார்க்கிறவர்கள். ஜனவரி முதல் வாரத்தில் மறுபடியும் நாற்றுப் பாவி, குறுகிய காலத்தில் விளையும் அம்பை 16 ரக நெல்லை நட்டு, ஏப்ரல் கடைசியில் கொஞ்சமாவது கதிரைக் கண்ணில் காட்டியதும் அவர்களே. அரசு நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தது. நிலம் உள்ளவருக்கு அது ஆறுதல். ஒரே வயலில் இரண்டு முறை நட்ட கைகளுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. மழையையும் வெயிலையும் தருகிற கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறோம். அவர் அந்தக் கைகளைக் கொண்டுதானே விளைச்சலைத் தந்தார்? அவற்றை விட்டுவிட்டுப் பூசணிக்காயை மட்டும் பீடத்தருகே அடுக்கி ஜெபிப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஆகவே மே 5 ஞாயிறன்று ஆராதனையில் முன்வரிசைகளை அவர்களுக்கு ஒதுக்கினோம். நம் சபையைச் சேராதவர்களும் அதில் இருந்தார்கள். மண்வெட்டி, பன்னரிவாள், மணல் சுமந்த சட்டி எல்லாம் நெற்கதிரோடு பவனியாக வந்தன. தன் குடும்பம் மூன்று தலைமுறையாக உட்கார்ந்த பெஞ்சு பறிபோயிற்று என்று ஒருவர் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறார். பெஞ்சு அதே இடத்தில்தான் இருக்கிறது. அவர் ஞாயிறுதோறும் வந்தால் பார்க்கலாம்.

பண்டிகைச் சுற்றறிக்கையில் நான் சேர்த்த ஒரு வரியைப் பற்றி ஊரில் அதிகம் பேசப்பட்டது. ‘கூலி பாக்கி உள்ளவர்கள் அதைத் தீர்த்துவிட்டு முதற்பலன் கொண்டுவரவும்’ என்பதே அது. செயலருக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்று கேட்டார்கள். கூலியை அன்றன்றே, பொழுது அடையுமுன் கொடுக்கச் சொல்வது உபாகமம் 24ஆம் அதிகாரம். வயலை அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று எழுதியிருப்பது யாக்கோபு 5ஆம் அதிகாரம். நான் அச்சுக்கூலி கொடுத்தேன், அவ்வளவுதான். சிலர் கோபித்துக்கொண்டு காணிக்கை நெல்லை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை இரவு ஒரு வீட்டிலிருந்து கார்த்திகையில் நட்ட கூலி மொத்தமாகப் பட்டுவாடா ஆனது. எந்த வீடு என்று சொல்லமாட்டேன். அவருடைய மூட்டைதான் மறுநாள் முதலில் வந்து இறங்கியது.

எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசன விருந்து சிறப்பாக நடந்தது. தாய்மார்கள் வீடுவீடாகச் சேர்த்த பிடியரிசியே பாதிப் பந்திக்குப் போதுமானதாக இருந்தது. தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருந்ததால் ஒலிபெருக்கி அனுமதிக்கு அலைய வேண்டியிருந்தது.

இனி ஏலம். காணிக்கைப் பொருள்களுக்கு அன்று கேட்ட குரல்கள் அடுத்த தெரு வரை எட்டின. ஒரு பூசணிக்காய் ஆட்டுக்கிடா விலைக்குப் போயிற்று, கைதட்டலும் கிடைத்தது. பூசணிக்காய் கூட்டாகி ஜீரணமும் ஆகிவிட்டது, பணம் இன்னும் வரவில்லை. சேவல், கருப்பட்டிச் சிப்பம், வாழைத்தார் ஆகியவற்றின் நிலையும் இதுவே. மூன்றாம் தரம் சொல்லிவிட்டால் அது கர்த்தருடைய பணம் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும்.

சந்தா பாக்கியும் அப்படியே. வெளியூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம் பிள்ளைகள் பண்டிகைப் புகைப்படங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஆமென் போடத் தவறுவதில்லை. அந்தத் தொலைபேசியிலேயே பணமும் அனுப்பலாம் என்று கேள்விப்படுகிறேன்.

வரவு செலவு ஏறக்குறைய சரியாக நிற்கிறது. செலவு கொஞ்சம் முந்திக்கொண்டது, அதைச் சிலர் கைமாற்றாகக் கொடுத்துச் சமாளித்தோம். மகளின் பிரசவத்திற்காகப் பொருளாளர் நாகர்கோவில் சென்றிருப்பதால் விவரமான கணக்கு அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்படும்.

தேவசெய்தி அளித்த சேகரகுரு ஐயருக்கும், உபதேசியாருக்கும், பாடகர் குழுவினருக்கும், பந்தல் போட்டவருக்கும், விறகு தந்தவருக்கும், பெயர் விடுபட்ட அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கான செயலர் பொறுப்பிற்கு இதுவரை எந்தப் பெயரும் முன்மொழியப்படவில்லை. எனக்கு மூட்டு வலி இருக்கிறது, வீட்டிலும் போதும் என்கிறார்கள். யாராவது முன்வந்தால் பதிவேட்டையும் அலமாரிச் சாவியையும் இன்றைக்கே ஒப்படைக்கத் தயார். யாரும் வராவிட்டால், முன்வரிசை ஒதுக்கீடும் சுற்றறிக்கையின் அந்த வரியும் அடுத்த ஆண்டும் இருக்கும் என்பதை இப்போதே தெரிவித்துக்கொள்கிறேன். அசனத்துக்கான பெரிய அண்டாவின் அடி ஓட்டையாகிவிட்டது. புதிய அண்டா வாங்குவதற்கான நன்கொடைப் பட்டியலும் ஏலப் பாக்கிப் பட்டியலும் வாசலில் ஒரே மேசையில் வைக்கப்பட்டிருக்கின்றன. எதில் கையெழுத்திட்டாலும் ரசீது உடனே தரப்படும்.

இப்படிக்கு,
கர்த்தரின் பணியில்,
செயலர்