தண்ணீர்த் தடையிலிருந்து திரும்பிய மகளுக்கு

அன்பு மகளுக்கு,

போட்டியை இடையில் விட்டு நீ திரும்பி வந்தது சரி. மற்றதையெல்லாம் பிறகு வாசிக்கலாம், இதை முதலில் மனதில் வைத்துக்கொள்.

உன் ஈவென்டிங் குதிரைப் போட்டியின் காணொளியைப் பலமுறை பார்த்துவிட்டேன். குதிரையைச் சொன்னபடி நடத்திக் காட்டும் டிரசாஜில் 33.5 தண்டப் புள்ளி. மைதானத்தில் கம்புத் தடைகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங்கில் ஒரு கம்பு விழுந்ததற்கு 4. அதுவரை நீ எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய் என்பது குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்த விதத்திலேயே தெரிந்தது. பிறகு திறந்த வெளியில் ஓடித் தடை தாண்டும் கிராஸ் கன்ட்ரி. மரக்கட்டை, பள்ளம், புதர் எல்லாவற்றையும் தாண்டிய குதிரை, தண்ணீர்த் தடையில் வந்து நின்றுவிட்டது. அதற்குத் தண்டம் 20. சுற்றிக் கொண்டுவந்தாய், மறுபடியும் நின்றது. இன்னும் 40. அதே தடையில் மூன்றாவது தரமும் நின்றால்தான் வெளியேற்றுவார்கள். உனக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. அதை நீ எடுக்கவில்லை. தடை நடுவரிடம் சொல்லிவிட்டு, குதிரையை நடையில் கூட்டிக்கொண்டு போய்விட்டாய்.

அடுத்த நாள் மிருக வைத்தியர் கால், முதுகு, பல் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றாராம். அதிலிருந்துதான் உனக்கு அழுகை. "சும்மா பயந்து விட்டுவிட்டேன் அம்மா" என்கிறாய்.

பிள்ளை, சத்திரசிகிச்சை விடுதியில் தாதியாக இருந்தே தலை நரைத்தவள் நான். விழுந்து வந்தவருக்கு எக்ஸ்ரே எடுப்போம். எலும்பு முறியவில்லை என்று படம் வந்தால், எடுத்தது வீண் என்று எந்த வைத்தியரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் கண்ட அறிகுறியை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். நீ கண்டது என்ன? ஒருநாளும் மறுக்காத குதிரை ஒரே இடத்தில் இரண்டு தரம் மறுத்தது. தண்ணீரின் ஆழம் அதற்குத் தெரியாது, முதுகில் இருப்பவளை நம்பித்தான் கால் வைக்கிறது என்று நீதானே எனக்குச் சொல்லித்தந்தாய்? மாட்டேன் என்று அது சொன்ன பிறகும் சவுக்கை ஓங்கி இறக்கியிருந்தால், அடுத்த முறை தண்ணீரோடு சேர்த்து உன்னையும் நினைத்துப் பயந்திருக்கும். அதைவிட, அந்தக் குதிரை உன்னுடையதும் அல்ல. லாயத்துக்காரம்மா நம்பித் தந்தது. இரவல் உயிரின்மேல் பந்தயம் கட்டாத பிள்ளையை வளர்த்திருக்கிறேன் என்ற பெருமை எனக்கு உண்டு. அதை எழுத ஏன் வெட்கப்பட வேண்டும்?

இனி என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். ஒரு மட்டம் கீழே இறங்கு. தடை உயரம் 100 சென்ரிமீற்றராக உள்ள மட்டத்தில் நிமிடத்துக்கு 475 மீற்றர் வேகம் கேட்கிறார்கள், 90இல் 450 போதும் என்று நீயே முன்பு எழுதியிருக்கிறாய். அந்த வேகத்தில், உயரம் குறைந்த தடைகளில், இந்தப் பருவம் முடியும்வரை அதைத் தண்ணீருக்குள் நிம்மதியாக இறக்கி ஏற்று. நடப்பதற்கே தண்ணீருக்குள் போகட்டும், பாய்ச்சல் பிறகு. உன்னோடு சேர்ந்தவர்கள் மேலே போகிறார்களே என்று பார்க்காதே. குதிரைக்கு அவர்களைத் தெரியாது.

சிறுவயதில் கோட்டை வாசலால் கோணேஸ்வரத்துக்குப் போகும்போதெல்லாம் மற்றப் பிள்ளைகள் மான்களைத் தொட ஓடுவார்கள். நீ மட்டும் நின்ற இடத்தில் நிற்பாய். மான் தானாகக் கிட்ட வரும்வரை என்னையும் வெயிலில் நிறுத்திவைப்பாய். அந்தப் பொறுமையை இங்கிலாந்தில் யாரும் உனக்குப் படிப்பிக்கவில்லை, இங்கிருந்து கொண்டுபோனது. இப்போது அதை எடுத்துப் பயன்படுத்து.

பெரிய மாமா வந்திருந்தார். "ஏப்ரலில் நுவரெலியாவில் ஓடுகிறார்களே, அந்தப் பந்தயமா?" என்று கேட்டார். அது வேறு, இது வேறு, ஒரே குதிரையோடு மூன்று பரீட்சை எழுத வேண்டும் என்று விளக்கினேன். "ஆண்களோடு சேர்ந்தா?" என்றார். சேர்ந்துதான் என்றேன். ஒலிம்பிக்கில் 1912இல் இது தொடங்கியபோது இராணுவ அதிகாரிகளுக்கு மட்டும்தான் இடம். 1964 டோக்கியோவில்தான் முதல் பெண் இறங்கினார். அதே டோக்கியோவில் 2021இல் ஜேர்மனியின் யூலியா கிராயெவ்ஸ்கி தனிநபர் தங்கம் வென்ற முதல் பெண் ஆனார். இலங்கையில் பிறந்து சுவீடனில் வளர்ந்த மெத்தில்டா கார்ல்சன் அந்த ஒலிம்பிக்கில் நம் நாட்டின் பெயரில் ஷோ ஜம்பிங்கில் இறங்கினார். மாமா பெயர்களை ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனார், பேத்திக்குச் சொல்ல வேண்டுமாம்.

இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கொடியில் துணி நிற்பதில்லை.

இனி நான் கண்டிப்பாகச் சொல்லும் விடயம். பயிற்சியில் விழுந்தபோது "தலை லேசாக இடிபட்டது" என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருந்தாய். காணொளியில் நீ போட்டிருப்பதும் அதே தலைக்கவசம், இடப்பக்கக் கீறல் தெரிகிறது. உள்ளே ரெஜிபோம் போன்ற நுரை இருக்கிறதல்லவா, அது தான் நசுங்கித்தான் அடியை வாங்குகிறது. நசுங்கியது பழையபடி நிமிராது. வெளி ஓடு முழுதாகத் தெரிந்தாலும் அது இனித் தொப்பிதான், கவசம் இல்லை. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, "எனக்கு ஒன்றுமில்லை" என்று நடந்தே வந்து, சற்று நேரத்தில் வாந்தியெடுத்து மயங்கியவர்களுக்கு நான் பணிவிடை செய்திருக்கிறேன். தலையில் அடிபட்டால், லேசாக இருந்தாலும், வைத்தியர் சரி என்று சொல்லும்வரை மறுபடி ஏறாதே. விழுந்தால் எனக்கு முதல் வரியில் எழுது. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கிராஸ் கன்ட்ரிக்குப் போகும்போது கையில் கட்டும் மருத்துவ விவரப் பட்டியில், உனக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாயா? இல்லையென்றால் இன்றைக்கே எழுது.

இந்த மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பாதே. அதில் புதுத் தலைக்கவசம் வாங்கு. கடைக்குப் போய், தலையில் போட்டுப் பார்த்து அளவாக வாங்கு. 90 மட்டத்துக்குப் பெயர் கொடுத்ததும் நீ தொடங்கும் நேரத்தை எழுதி அனுப்பு. இப்போது உங்களுக்கும் எங்களுக்கும் நாலரை மணித்தியாலம் வித்தியாசம், நான் கணக்குப் பார்த்துக்கொள்வேன்.

அன்புடன்,
அம்மா
திருகோணமலை