நூலகச் சுவர்த் திருப்பணி நிறைவு அறிக்கை: சென்ட்ரேலியா ஜார்ஜ் வாஷிங்டன் பலகை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொதுக்குழு ஒப்புதல் அளித்தபடி, வாசிப்பறையின் தென்சுவரில் ஈரம் ஊறிப் பொருமியிருந்த பூச்சைக் கொத்தி எடுத்து, மறுபூச்சும் வண்ணமும் முடித்து, ஊர் உண்டாக்கியவர்கள் வரிசையின் முதல் பலகையை மாட்டிவிட்டோம். வாஷிங்டன் மாநிலத்துச் சென்ட்ரேலியா நகரின் ஜார்ஜ் வாஷிங்டனைப் பற்றியது அது. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் என்று யாரும் மயங்கிவிடாதிருக்க, ஊர்ப்பெயரைத் தலைப்பிலேயே சேர்த்திருக்கிறோம்.

1817-இல் வர்ஜீனியாவில் பிறந்து, காக்ரன் என்னும் வெள்ளையர் தம்பதியிடம் வளர்ந்த இந்தக் கறுப்பினத்தவர், 1850-இல் அவர்களோடு, குடியேறிகளின் கூண்டுவண்டிகள் வரிசையாகச் செல்லும் வண்டித்தொடரில், இன்றைய வாஷிங்டன் மாநிலமும் அப்போது அடங்கியிருந்த ஆரகன் பிரதேசத்துக்குப் புறப்பட்டார். அங்கே குடியேறிகளுக்கு இலவசமாக நிலம் வழங்கிய நிலக்கொடைச் சட்டம், கறுப்பினத்தவர் என்பதால் இவருக்கு ஒரு ஏக்கரும் தராது. ஆகவே, ஸ்கூகம்சக் ஆறு செஹாலிஸ் ஆற்றில் கலக்கும் இடத்தில் இவர் குடியேறிய 640 ஏக்கருக்குக் காக்ரன் தம்பதி தம் பெயரில் உரிமை பெற்று, பின்னர் இவருக்கே கிரயம் செய்து கொடுத்தனர். பலகையில் அதிக இடம் இந்தக் கிரயத்துக்குத்தான். இது இல்லாமல் ஊரே இல்லை என்பது குழுவின் கருத்து. அம்மண்ணில் முன்னரே வாழ்ந்த செஹாலிஸ் பழங்குடியினரைப் பற்றிய வரியையும், இடநெருக்கடியைப் பாராமல், சேர்த்துவிட்டோம்.

1872-இல் நார்தர்ன் பசிபிக் இரயில்பாதை அந்நிலத்தின் வழியே சென்றது. அப்பாதையின் இரு முனை ஊர்களான கலாமாவுக்கும் டகோமாவுக்கும் நடுவே தம் நிலம் அமைந்ததைக் கண்ட இவரும் மனைவி மேரி ஜேனும் 1875-இல் மனை பிரித்து, சென்டர்வில் என்ற ஊரைப் பதிவு செய்தனர். சென்ட்ரேலியா என்பது பின்னர் வந்த பெயர். மனை ஒன்று 10 டாலர். தேவாலயத்துக்கும் இடுகாட்டுக்கும் பூங்காவுக்கும் நிலத்தை இலவசமாகவே கொடுத்தார்கள். 1893-இன் பொருளாதார நெருக்கடியில் ஊரார் வேலையிழந்து தவித்தபோது, போர்ட்லாந்திலிருந்து அரிசி, மாவு, சர்க்கரை தருவித்துப் பகிர்ந்ததோடு, வட்டியில்லாமல் கடனும் கொடுத்து ஊர் கலையாமல் காத்தவர் இவர். 1905-இல் மறைந்தார்.

இரு ஆறுகளும் இரயில்பாதையும் தெரியும் வரைபடம் பலகையின் வலப்புறத்தில் உள்ளது. சிறுவர் கண்ணுக்கு எட்டும்படி, வழக்கத்தைவிடத் தாழ்வாகவே மாட்டச் சொன்னோம். மேல்விளக்கு மட்டும் மின்பணியாளர் வந்ததும் பொருத்தப்படும். பற்றுச்சீட்டுகளும் வரவு செலவுப் பேரேடும் அலுவலகத்தில் உள்ளன. அடுத்த பொதுக்குழுவுக்கு முன் உறுப்பினர்கள் பார்வையிடலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு