டயரில் காற்று பார்த்தாயா?

கண்ணம்மா,

ஸ்கூட்டர் டயரில் காற்று பார்த்தாயா? முன்னால் 22, பின்னால் 29. சாமானோடு போகும்போது பின்னால் 36 வை, இரண்டு பேர் உட்காரும் கணக்கு அது. உன் பைகளை நானே தூக்கிப் பார்த்திருக்கிறேன், ஓர் ஆளுக்குக் குறையாது. காலையில் கிளம்பும் முன்பே பார்த்துவிடு. ஓடிச் சூடான டயரில் பார்த்தால் அளவு கூடத்தான் காட்டும். போன தடவையும் இதைச் சொன்னேன். அதற்கு நீ "ம்" என்று அனுப்பினாய்.

முன்பெல்லாம் எங்கே தங்கினாய், ரோடு எப்படி, எந்த வளைவில் லாரி மறித்தது என்று பக்கம் பக்கமாக அடித்து அனுப்புவாய். இப்போது ஒற்றை எழுத்து. கேட்டால் சிக்னல் இல்லை என்கிறாய். சிக்னல் இல்லாத இடத்திலிருந்து படம் மட்டும் வந்துவிடுகிறது. சரி, அதை விடு. போனில் பேசினால் "சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் நீ அடுத்துத் தங்கப்போகும் விலாசத்துக்கே எழுதுகிறேன்.

எஞ்சினிலிருந்து பின்சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வண்டியை உன்னிடம் கொடுத்தபோது புதுப் பெல்ட் போட்டுத்தான் கொடுத்தேன். அதற்கப்புறம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்துச் சொல். 20,000 கிலோமீட்டரை நெருங்கிவிட்டது என்றால் இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று இழுக்காதே, மாற்றிவிடு. தெருவுக்குள் ஓடிய 20,000 வேறு, சாமானோடு மணிக்கணக்காக மேடு ஏறிய 20,000 வேறு. வேகம் கூடக்கூட பெல்ட் சுற்றும் முன் புல்லிக்குள் இருக்கும் உருளைகள் வெளியே ஒதுங்கி பெல்ட்டை மேலே தள்ளும், நம் வண்டிக்கு அதுதான் கியர். செங்குத்தான ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகியும் வண்டி ஊர்ந்தால் பெல்ட் மேலே ஏறவே ஏறாது, சூட்டில் வெந்து கிடக்கும். அறுந்துவிட்டால் எஞ்சின் உறுமும், சக்கரம் அசையாது. உதிரி பெல்ட்டை டிக்கியில் போடச் சொன்னேன், நீ பச்சைப் பையில் வைத்தாய். அந்தப் பையை இப்போது படத்தில் காணோம்.

எண்ணெயும் பார். இந்தச் சின்ன எஞ்சினில் இருப்பதே ஒரு லிட்டருக்குள். அதில் கொஞ்சம் குறைந்தாலும் நிறையக் குறைந்த மாதிரிதான். பெட்ரோல் பாதியானதும் போட்டுவிடு, ஐந்து லிட்டர் டேங்கை நம்பி அடுத்த பங்க் வரட்டும் என்று போகாதே.

இத்தாலிக்காரர் பெட்டினெல்லி 1992-ல் ரோமிலிருந்து வெஸ்பா ஸ்கூட்டரில் கிளம்பி வியட்நாமின் சைகோன் வரை போனார், 1962-ல் ஸ்பெயினில் இரண்டு மாணவர்கள் வெஸ்பாவிலேயே உலகத்தை 79 நாளில் சுற்றி வந்தார்கள், நான் 110 சிசியில் போகக் கூடாதா என்று கேட்டாய். நான் வாயை மூடிக்கொண்டேன். இப்போது ஆபீசில் எல்லோரிடமும் அந்தக் கதையைச் சொல்லி, கடைசியில் உன் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன். கேட்கிறவர்களுக்கு அலுத்துவிட்டது, எனக்கு அலுக்கவில்லை. ஆனால் அன்றைக்கே உன்னிடம் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். அந்த வெஸ்பாவில் கையில் கியர் உண்டு. இறக்கத்தில் கியரைக் குறைத்தால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். 1946-ல் வெளிவந்த முதல் வெஸ்பாவை வடிவமைத்த டி'அஸ்கானியோ ஹெலிகாப்டர் செய்தவர். விமானத்தில் இருப்பதுபோல முன்சக்கரத்தை ஒரே பக்கத்தில் தாங்க வைத்தார், பஞ்சரானால் கழற்றி மாட்டச் சுலபம் என்று. பின்னால் வந்த வண்டிகளில் ஸ்டெப்னியும் இருந்தது. நம் வண்டியில் கியரும் இல்லை, ஸ்டெப்னியும் இல்லை.

அதனால் இறக்கம்தான் எனக்குப் பயம். ஏற்றத்தில் என்ன, மெதுவாகப் போவாய், அவ்வளவுதான். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு, வேகமும் குறைந்துவிட்டால் கிளட்ச் தானே விலகிவிடும். அதற்கப்புறம் வண்டி உருளுகிற டப்பாதான், மொத்த எடையும் பிரேக்கின் தலையில். டிரம் சூடேறினால் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. லேசாக ஆக்சிலேட்டர் கொடு, கிளட்ச் பிடித்ததும் விடு, எஞ்சின் கொஞ்சமாவது இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடி. சூடானால் ஓரங்கட்டி ஆறவிடு, தண்ணீர் ஊற்றாதே. இரண்டு கையாலும் பிடி. பதறினால் நீ இடக்கையை மட்டும்தான் இறுக்குவாய். பெரியப்பா வீட்டு வாசலில் என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும். ஈர ரோட்டில் பின்சக்கரம் மட்டும் கட்டிக்கொண்டால் வால் அப்படியே விலகிவிடும்.

பைகளையும் பின்னால் கேரியரில் ஏற்றாதே. எஞ்சின் ஏற்கெனவே பின்னால்தான் தொங்குகிறது, அதற்கு மேல் பையும் ஏறினால் முன்பக்கம் லேசாகி ஹாண்டில் ஆடும். கனமானதைக் கால் வைக்கும் பலகையில் வை.

படங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. அப்பா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். முன்பு வண்டியை ஸ்டாண்ட் போட்டு இடப்பக்கமாக நின்றுதான் எடுப்பாய். கொஞ்ச நாளாக வருவதெல்லாம் சைலன்சர் பக்கம். வெளிச்சம் அந்தப் பக்கம்தான் நன்றாக விழுகிறதோ என்னவோ. நீயும் அவ்வளவு வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறாய். நல்லதுதான், தோல் கருக்காது. அண்ணனிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அவன் குதிப்பான்.

பெல்ட் ஓடுவது இடப்பக்கக் கவருக்குள். அதில் கீறல் விழுந்தால் ஒன்றும் இல்லை. விரிசல் விட்டிருந்தால்தான் தூசியும் தண்ணீரும் உள்ளே போய் பெல்ட் வழுக்கும். பிரேக் லீவர் வளைந்திருந்தால் தட்டி நிமிர்த்தாதே, வார்த்த அலுமினியம், அப்போது உடையாவிட்டாலும் அவசரத்தில் பிடிக்கும்போது உடையும். புதிது மாட்டு. நேர் ரோட்டில் மெதுவாகப் போய் ஹாண்டில் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பார். மணிக்கட்டு வீங்கி நாள் கணக்காக வடியவில்லை என்றால் சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது, எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

வண்டி இன்னும் என் பெயரில் இருக்கிறது என்று தயங்காதே. பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டேன், வந்ததும் நீ போட வேண்டியதுதான் பாக்கி. இனி அதற்கு என்ன ஆனாலும் நீ எனக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறு எதற்காகவும் பயந்து சொல்லாமல் இருக்காதே. திரும்பி வா என்று சொல்ல மாட்டேன். உன்னை வரச்சொல்லி அப்பா எழுதச் சொன்னார், அதை எழுதவில்லை.

கடிதம் கிடைத்ததும் மீட்டரில் உள்ள எண்ணை அனுப்பு. கூடவே இடப்பக்கமாக நின்று ஒரு படம் எடுக்கச் சொல், பெல்ட் கவரைப் பார்க்க வேண்டும். நீயும் பக்கத்தில் நில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு.

அம்மா