நீலத் துணி தொங்கும் கடை

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்ததைப் போனில் சொல்லிவிட்டேன். இது போனில் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம். ஒசாகாவில் உன்னோடு இருந்த 18 நாளும், அலுவலகத்திலிருந்து திரும்பியதும் "மதியம் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பாய். "இருந்ததைச் சாப்பிட்டேன்" என்பேன். பொய். ஐந்தாம் நாளிலிருந்து, பின்தெருவில் சலவைக் கடையை ஒட்டி, வாசலில் நீலத் துணி தொங்குமே, அந்தச் சின்ன உணவகத்தில்தான் சாப்பிட்டேன். இரண்டு வருடமாக அதைத் தாண்டித்தான் ரயிலுக்கு ஓடுகிறாய். ஒருமுறைகூட உள்ளே போனதில்லை என்று நீயே சொன்னாய்.

எனக்கும் துணிச்சல் உடனே வரவில்லை. மூன்று தடவை வாசல்வரை போய்த் திரும்பினேன். என்னை உள்ளே இழுத்தது அந்தக் கண்ணாடிப் பெட்டிதான். அசல் சாப்பாடு போலவே பிளாஸ்டிக் மாதிரிகள், மீன் தோலில் கருகின கோடுகூட விடாமல். இதைத் தொழிலாகத் தொடங்கிய இவாசாகி தாகிஸோ 1932இல் ஒசாகாவில்தான் கடை வைத்தார், அப்போது மெழுகில் செய்தார்கள் என்று நீ ஒரு நாள் சொன்னாய். ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாத எனக்கு அவர் செய்தது பேருதவி. கடைக்கார அம்மாளை வாசலுக்குக் கூட்டி வந்து விரலால் காட்டினேன். அவ்வளவுதான், சாப்பாடு வந்துவிட்டது.

தெய்ஷோகு என்கிறார்கள். ஒரே தட்டத்தில் இடப்பக்கம் சோறு, வலப்பக்கம் மிசோ என்கிற புளிக்க வைத்த சோயா விழுதில் செய்த சூப், பின்னால் உப்புத் தடவிச் சுட்ட சபா மீன் (நம் கானாங்கெளுத்தி மாதிரி), அதன்மேல் ஈரமாகத் துருவிய முள்ளங்கி, ஓரத்தில் கொஞ்சம் ஊறுகாய். வரியோடு 850 யென். சூப்புக்குக் கரண்டி கிடையாது, கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்க வேண்டும். முதல் வாயிலேயே அந்தச் சூப்பின் ருசி எங்கிருந்து வருகிறது என்று மண்டை குடைந்தது. மறுநாள் காலையில் அந்த வழியாக நடக்கிற சாக்கில் சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பெரியவர் பாத்திரத்தில் கொம்பு என்கிற கடற்பாசியைப் போட்டு, தண்ணீர் கொதி வரும் முன்பே வெளியே எடுத்துவிட்டார். பிறகு ஒரு கை நிறையக் காய்ந்த மீன் சீவல். சற்று நேரத்தில் வடிகட்டிவிட்டார். அவசரமே இல்லை, ஆனால் ஒரு நொடியும் வீணாகவில்லை. 1908இல் இகேடா கிகுனாயே என்ற வேதியியல் பேராசிரியர் இந்த ருசிக்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்ததும் இந்தக் கொம்புக் கடற்பாசியிலிருந்துதானாம். நீ படித்த பாடம், உனக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு கூத்தும் நடந்தது. சூடான ஈரத்துண்டில் கை துடைப்பதற்காகக் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைத்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். அந்த அம்மாள் ஓசையில்லாமல் வந்து, குச்சிகளை எடுத்துப் படுக்க வைத்துவிட்டுப் போனார். முகத்தில் சிரிப்புமில்லை, கோபமுமில்லை. இறந்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள் என்று அன்றிரவு நீ விளக்கினாய். எதற்குக் கேட்கிறாய் என்றாய். டிவியில் பார்த்தேன் என்றேன். அது இரண்டாவது பொய்.

உண்மையில் நான் எழுத வந்தது வேறு. மொத்தம் எட்டே இருக்கைகள், எல்லாம் சமையலறையைப் பார்த்தபடி. வருகிறவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். கட்டட வேலைக்காரர் ஒருவர், மடித்த செய்தித்தாளோடு ஒரு தாத்தா, உன் வயதுப் பெண் ஒருத்தி. யாரும் யாரோடும் பேசவில்லை. எழுந்து போகும்போது அடுப்பைப் பார்த்து "கோச்சிசோசாமா", அதாவது சாப்பாட்டுக்கு நன்றி, என்பார்கள், உள்ளேயிருந்து பதில் குரல் வரும். நீ இரவு பத்து மணிக்கு 24 மணி நேரக் கடையின் டப்பாச் சோற்றை லேப்டாப் முன்னால் வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்தபோதெல்லாம் எனக்குள் ஏதோ பிசைந்தது. இங்கே அப்படித் தோன்றவில்லை. நான் முள்ளங்கியை மிச்சம் வைத்தேன் என்று மறுநாள் பாதிதான் வைத்தார் அந்த அம்மாள். கணக்கு வைத்திருக்கிறார் பார்!

கடைசி நாள், கையை விமானம்போல் அசைத்து ஊருக்குப் போகிறேன் என்று காட்டினேன். போனில் உன் படத்தையும் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, வாசல் பக்கம் கையை நீட்டி, இரண்டு விரலால் வேகமாக ஓடிக் காட்டினார். தினமும் உன்னைப் பார்க்கிறார் போலிருக்கிறது.

ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்கும், ஞாயிறு விடுமுறை. கதவை ஒட்டிய இருக்கையில் குளிர்காற்று அடிக்கும், மூன்றாவதில் உட்கார். சோறு குறைவாக வேண்டுமென்றால் "சுகுனாமே" என்கிறார்கள். உனக்கு அந்த வார்த்தை வேண்டாம். "ஓமோரி" என்று சொல், நிறைய வைப்பார்கள்.

அன்புடன்,
அம்மா