என் மகளின் சித்திக்கு

அன்புத் தங்கச்சிக்கு,

பாப்பாவுக்கு வைகாசியில் மஞ்சள் நீராட்டு. போன வாரம் போனில் உன்னிடம் கேட்டதை நினைத்தால் இன்னும் கூசுகிறது. "ஒரே ஒரு நாள் வேட்டி சட்டையில வந்து தாய்மாமன் சீரை மட்டும் செஞ்சிட்டுப் போயிடேன்." நீ கோபப்படவில்லை. "யோசிக்கிறேன்க்கா" என்று வைத்துவிட்டாய்.

பச்சை ஓலையில் குச்சில் குடிசை கட்டுவதும், பட்டும் மாலையும் தட்டுத் தட்டாகக் கொண்டுவருவதும் மாமன் முறை. அம்மாவுக்கு நாம் இரண்டு பேர்தான். மாமன் இல்லாத சபைக்குப் பயந்தேன். அந்த வேட்டிக்குள் நீ எப்படி நிற்பாய் என்று யோசிக்கவே இல்லை.

2014 ஏப்ரல் 15 அன்று அழுதுகொண்டே கூப்பிட்டாய். "ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமான்னு அவங்கவங்கதான் சொல்லணும், ஆபரேஷன் பண்ணியிருக்கணும்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சுக்கா." நான் "சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றினேன். 2019 ஏப்ரலில், தூத்துக்குடியில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பதிய மறுத்த வழக்கில், இந்து திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று ஐகோர்ட் மதுரைக் கிளை தீர்ப்பு சொன்னது. பேப்பரை வெட்டி அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். உனக்கு அனுப்பவில்லை. ஒரு சொல்லுக்காக அவர்கள் கோர்ட் படி ஏறினார்கள். 'தம்பி' என்ற சொல்லை விட எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று!

நேற்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன், பாப்பாவுக்கு மாமன் இல்லை, சித்திதான் என்று. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "அப்போ தாலி கட்டாதவ எப்படித் தண்ணி ஊத்துவா?"

கோபம்தான் முதலில் வந்தது. பிறகுதான் உறைத்தது, உன்னைப் பெண் என்று ஒத்துக்கொண்ட அதே மூச்சில் பெண்ணுக்குப் போடுகிற விலங்கையும் போட்டுவிட்டார். என் வளைகாப்பில், அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகாத அம்மாவைக் கதவோரம் நிறுத்தியதும் இதே கேள்விதான். அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை.

இந்த முறை முதல் சொம்பு அம்மா, அடுத்தது நீ. ஊற்ற மனமில்லாதவர்கள் பந்தியில் உட்காரட்டும். குச்சிலுக்கு ஓலை சொல்லியாயிற்று, நாம் இருவரும் கட்டலாம். முடையத் தெரிந்தவள் நீதான்.

சித்தி என்ன கலர் புடவை கட்டுவாங்க, அதே கலரில் தனக்கும் வேண்டும் என்று பாப்பா நச்சரிக்கிறாள். ஜவுளி எடுக்க வெள்ளிக்கிழமை போகிறோம். அதற்குள் சொல்.

உன் அக்கா