நோட்டீஸில் உள்ள இரண்டு கேள்விகள்

அன்பு மகளுக்கு,

பொள்ளாச்சியில் நீ தொடங்கவிருக்கும் தேங்காய் எண்ணெய்த் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கேட்டு அனுப்பிய விண்ணப்பத்தின்மீது விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருப்பதையும், ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருவதாக ஒரு தரகர் சொல்வதையும் படித்தேன். கொடுக்காதே. அந்தப் பதிவுக்கு அரசு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்குவதில்லை.

ஆனால் நோட்டீஸில் உள்ள இரண்டு கேள்விகளையும் ஒன்றாகவே பாவித்துக் கோபப்படுகிறாய், அது சரியில்லை. நீ வாடகைக்கு எடுத்த இடத்தின் வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் காலஞ்சென்ற பெரியவரின் பெயரிலேயே இருக்கும்போது, உனக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த அவருடைய மகனுக்கு அந்த உரிமை எப்படி வந்தது என்று அலுவலர் கேட்பது நியாயமே. இல்லாத முகவரியில் பதிவு வாங்கி, சரக்கே நகராமல் பில் மட்டும் போட்டு, உள்ளீட்டு வரியை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டியதாகக் காட்டிக் கழித்துக்கொள்ளும் வரியை, சுருட்டியவர்கள் நாடெங்கும் பிடிபட்டிருக்கிறார்கள். தகப்பனார் போய்ப் பல வருடங்கள் ஆனாலும் ரசீதில் பெயர் மாற்றாமல் விட்டுவைப்பது நம் ஊர்ப் பழக்கம். அதன் தொல்லை வாடகைக்கு வந்தவர் தலையில் விடிகிறது. உரிமையாளரிடம் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்டு வாங்கு. உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுடைய சம்மதக் கடிதமும் வேண்டும். ஒப்பந்தம் பதிவு செய்யப்படாதது என்பதால் அவருடைய அடையாள அட்டை நகலையும் சேர்த்துவிடு. நகராட்சியில் பெயர் மாற்றத்துக்கு இப்போதே மனுக் கொடுக்கச் சொல்.

இரண்டாவது கேள்விதான் வேண்டாதது. ஈரோட்டில் குடியிருப்பவர் பொள்ளாச்சியில் ஏன் தொழில் செய்ய வேண்டும் என்று கேட்க யாருக்கும் வேலை இல்லை. விண்ணப்பதாரரின் வீடு வேறு ஊரில் இருப்பதைக் காரணம் காட்டிக் கேள்வி எழுப்பக் கூடாது, விண்ணப்பத்துக்கென வகுத்த பட்டியலில் இல்லாத ஆவணங்களைக் கேட்கக் கூடாது என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2025 ஏப்ரல் 17 அன்று தன் அலுவலர்களுக்கு எழுத்து மூலம் அறிவுறுத்தியிருக்கிறது. உன் விண்ணப்பம் மாநில வணிகவரி அலுவலரிடம் போயிருந்தால் அது அவரை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்று சொல்லக்கூடும். ஆனாலும் பதிலில் அதை மரியாதையான ஒரு வரியில் குறிப்பிடு, வாதம் செய்யாதே.

நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் இணையத்திலேயே பதில் போய்ச் சேர வேண்டும். அதன்பின் ஏழு வேலை நாட்களில் அலுவலர் முடிவு எடுக்காவிட்டால் பதிவு வழங்கப்பட்டதாகவே விதி கொள்கிறது; நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நானும் உன் அப்பாவும் மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் தற்காலிகப் பதிவு, பிறகு நிரந்தரப் பதிவு என்று அலைந்த காலத்தில், கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதை அறியவே பியூனைத்தான் கேட்க வேண்டியிருந்தது. நேரில் போய்க் கெஞ்சுவது அந்தக் காலத்துப் பழக்கம், உனக்கு அது தேவையில்லை.

ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவே வேண்டாம் என்று உன் சித்தப்பா சொல்வதைக் கேட்காதே. தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்பவருக்கு அது சரி. மாநில எல்லை தாண்டிப் பாலக்காட்டுக் கடைக்கு நீ ஒரு டின் அனுப்பினாலும் பதிவு கட்டாயம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கும் கட்டணம் கிடையாது, ஆதாரும் பானும் இருந்தால் போதும், அதை நீயே போட்டுக்கொள். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு மட்டும் அரசுக் கட்டணம் உண்டு. அதையும் இணையத்தில் நீயே கட்டு.

வாரிசுச் சான்று கைக்கு வந்ததும் பதிலை எழுதி எனக்கு அனுப்பு. பெயர்களின் எழுத்தும் இனிஷியலும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா