அப்பா ஓட்டிய கார்

அன்புள்ள மல்லி,

மூன்று முறை நீ போன் செய்தும் நான் எடுக்கவில்லை. கோபப்படாதே. அப்பா போன செய்தியை நானே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். உன் தம்பி சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது என்பது இன்னும் உறுத்துகிறது. பதினாறாம் நாள் காரியம் நல்லபடியாக முடிந்தது. அம்மா பரவாயில்லை, சாப்பிடுகிறார், தூக்கம்தான் குறைவு. உன் பேரனின் படம் பார்த்தேன். அது உங்கள் வீட்டு மூக்கேதான், பாவம் பிள்ளை.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. போன சனிக்கிழமை என் மகள் டிவியில் 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' போட்டாள், நம் சிங்கப்பூரின் பணக்காரச் சீனக் குடும்பங்களைப் பற்றிய ஹாலிவுட் படம். 2018இல் அது வந்தபோது அப்பாவையும் தியேட்டருக்குக் கூட்டிப்போனோம், உனக்குப் போட்டோ அனுப்பினேனே, அதே படம். நியூட்டன் உணவங்காடி திரையில் வந்ததும் அப்பா என் கையைப் பிடித்து அமுக்கினார். ஹாலிவுட் படத்தில் நம் ஊர்ப் புகையும் சாத்தேயும்! அப்புறம் கதாநாயகியும் அவள் தோழியும் காரில் காதலனின் குடும்ப மாளிகைக்கு விருந்துக்குப் போவார்கள். துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள் கண்ணாடி வழியே எட்டிப் பார்க்க, பெண்கள் நடுங்கிப்போவார்கள். படத்தில் நம் நிறத்து முகம் என்று என் மனதில் நின்றது அந்த இரண்டுதான். நூற்றுக்கு ஒன்பது பேர் இந்தியர்களாக இருக்கிற ஊர் இது, தமிழ் இங்கே ஆட்சிமொழி. திரும்பி வரும்போது எம்ஆர்டி ரயிலில் அப்பா கேட்டார்: “அத்தன பேரு விருந்துக்கு வந்தாங்களே, வண்டியெல்லாம் யாரும்மா ஓட்டிட்டு வந்தது? அதக் காட்டலியே.”

அன்றைக்குச் சிரித்தேன். சனிக்கிழமை அந்தக் காட்சி வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

புக்கிட் தீமாவில் அந்தச் சீனக் குடும்பத்துக்கு அப்பா இருபத்தெட்டு வருஷம் கார் ஓட்டியது உனக்குத் தெரியும், அந்த வீட்டு ரம்புத்தான் உன் வயிற்றிலும் போயிருக்கிறது. ஆனால் கடைசி இரண்டு வருஷம் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும்போது அவர் சொன்னதெல்லாம் எனக்கே புதிது. வாரம் மூன்று நாள், போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் தாமதமாக பிரேக் போட்டால் தன் வலது காலை வெறும் தரையில் அழுத்துவார், செருப்புத் தேய்கிற சத்தம் கேட்கும். அதற்கு நடுவில்தான் பேச்சு. அந்த வீட்டில் மாஜோங் ஆட்டம் என்றால் ராத்திரி ஒரு மணி வரை போர்ட்டிகோவில் நிற்பாராம். ஒரு சுற்று முடிந்ததும் கற்களைக் கலைக்கும் சத்தம் ஜன்னல் வழியாக மழை மாதிரி வரும். அது மறுபடி வரவில்லை என்றால் ஆட்டம் முடிந்தது, உடனே போய் வண்டியை எடுத்து ஏசி போட வேண்டும். படத்திலும் மாஜோங் மேசையில்தான் எல்லாம் திரும்புகிறது, மல்லி. கதாநாயகி ஜெயிக்கக்கூடிய கல்லையே விட்டுக்கொடுத்துவிட்டு எழுந்து போவாள், காதலனின் அம்மாவாக வரும் மிஷெல் இயோ அசையாமல் உட்கார்ந்திருப்பார். அருமையான காட்சி. இந்த முறை எனக்கு ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஆள்தான் தெரிந்தார்.

ராத்திரி தூக்கம் வராமல், அந்தப் படத்தின் மூல நாவலை எழுதிய கெவின் குவானைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பதினோரு வயதில் இங்கிருந்து அமெரிக்கா போன பையன். இங்கே கட்டாயமான தேசிய சேவைக்கு, அந்த ராணுவப் பணிக்கு, வரவில்லை என்று 2018இல் தற்காப்பு அமைச்சே அறிக்கை விட்டதே, என் தம்பிக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அதை விடு. அவருடைய அப்பாவுக்குப் புற்றுநோய். சிகிச்சைக்கு இவர்தான் காரில் கூட்டிப்போவார், போகிற வழியெல்லாம் இருவரும் பழைய சிங்கப்பூரைப் பேசுவார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் எழுதத் தொடங்கினாராம். அவர் அப்பா 2010இல் போய்விட, 2013இல் இந்த முதல் நாவல் வந்தது. இதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதே நாற்பது நிமிடம் எனக்கும் கிடைத்தது. நான் ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

அந்த மனிதரின் பிடிவாதத்தை மெச்சத்தான் வேண்டும். கதாநாயகியை வெள்ளைக்காரியாக மாற்றலாம் என்று ஒரு தயாரிப்பாளர் கேட்டபோது முடியாது என்றார். படத்தில் தன் பேச்சு எடுபட வேண்டும் என்று ஒரு டாலருக்கு உரிமை கொடுத்தார். நெட்ஃபிளிக்ஸ் பெரிய தொகையோடு வந்தும், இந்த முகங்களைத் தியேட்டரில்தான் பார்க்க வேண்டும் என்று அவரும் இயக்குநரும் வார்னர் பிரதர்ஸிடம் போனார்கள். இக்காலக் கதையில் முழுக்க ஆசிய முகங்களோடு ஒரு பெரிய ஸ்டூடியோ படம் 1993க்குப் பிறகு அப்போதுதான் வந்தது, இருபத்தைந்து வருஷம் கழித்து! மூன்று கோடி டாலரில் எடுத்து 23 கோடிக்கு மேல் சம்பாதித்தது. அதன் பிறகும், திரைக்கதை எழுதிய மலேசியப் பெண் அடெல் லிம்முக்கு அடுத்த படத்துக்குப் பேசிய சம்பளம், அவரோடு சேர்ந்து எழுதிய வெள்ளைக்காரருடையதில் ஒரு சின்னப் பங்குதான். வேண்டாம் என்று விலகிவிட்டார். எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

குவான்மேல் எனக்குக் குறையில்லை. கொள்ளுத்தாத்தா ஓசிபிசி வங்கியைத் தொடங்கியவர்களில் ஒருவர். உள்ளே இருந்து பார்த்ததை எழுதினார், ஐந்து நாவல் ஆகிவிட்டது. போர்ட்டிகோவில் நின்றவர் பார்த்ததை அவர் எப்படி எழுதுவார்? அது நம் வேலை. நாம் செய்யவில்லை.

உன் ஊர்ப்பக்கத்துப் பெண், கனடா மிசிசாகாவின் மைத்ரேயி ராமகிருஷ்ணன், 15,000 பேரில் தேர்வாகி 'நெவர் ஹேவ் ஐ எவர்' என்கிற நெட்ஃபிளிக்ஸ் தொடரில் தேவி என்ற தமிழ்ப் பெண்ணாகவே நடித்தாளே, 2020இல் நீ ராத்திரியோடு ராத்திரியாக எனக்கு மெசேஜ் மேல் மெசேஜ் போட்டாய். என் மகளும் அப்படித்தான் துள்ளினாள். இப்போது முதல் பகுதியை மறுபடி போட்டுப் பார்த்தேன். தேவியின் அப்பா பள்ளிக் கச்சேரியில் சரிந்து விழுகிற இடத்தோடு நிறுத்திவிட்டேன். அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உயர்நிலை இரண்டில் என் தமிழ்க் கட்டுரைகளையெல்லாம் எழுதிக்கொடுத்தவள் நீ. எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவளும் நீதான். இந்த முறை உனக்காகக் காத்திருக்கப்போவதில்லை. ஒரு கோடு போட்ட நோட்டில் பதினொரு பக்கம் எழுதிவிட்டேன். படம் பிடித்து இதோடு அனுப்புகிறேன். நன்றாக இருக்கிறது என்று சும்மா சொல்லாதே. பொய்யாகத் தெரிகிற இடத்தில் கோடு போடு.

ஒன்று மட்டும் உன் அம்மாவிடம் கேட்டுச் சொல். தீபாவளிக்கு முதல் நாள் அப்பா நம்மையெல்லாம் அந்தக் காரில் ஏற்றித் தேக்கா கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாரே, முன்சீட்டில் உன் அம்மாதான் இருந்தார். கார் கறுப்பு என்றார் அப்பா. எனக்குக் கரும்பச்சையாக ஞாபகம். அந்த வரியில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

உன்,
சாந்தி